இழந்ததை ஈடுசெய்தல்: சிறு குழந்தைகளின் வயிற்றுப்போக்கும் பராமரிப்பும்

ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளை அடிக்கடி தாக்குவதும், பெரும்பாலும் வீட்டிலேயே சமாளிக்கக் கூடியதாக இருந்தும் உயிரைப் பறித்துவிடுவதுமான நோய்களுள் வயிற்றுப்போக்கு முதன்மையானது. உலக சுகாதார நிறுவனத்தின் அண்மைக் கணக்கின்படி ஆண்டுதோறும் உலகெங்கும் குழந்தைகளிடையே ஏறத்தாழ 170 கோடி முறை இந்நோய் காணப்படுகிறது. ஐந்து வயதை எட்டாத ஏறத்தாழ 4,40,000 குழந்தைகள் அதனால் இறக்கின்றனர். 1980-ஆம் ஆண்டை ஒட்டிச் செய்யப்பட்ட கணிப்புகள் இவ்விறப்பை ஆண்டுக்கு ஏறத்தாழ 46 லட்சம் என்று காட்டின. இடைப்பட்ட காலத்தில் இத்தனை உயிர்கள் காக்கப்பட்டதற்குத் தூய குடிநீர், ஊட்டச்சத்து, தடுப்பூசி எனப் பல காரணங்கள் உண்டெனினும், உப்பும் சர்க்கரையும் நீரும் சேர்ந்த ஒரு கரைசலின் பங்கு அவற்றுள் தலையானது. அதே வேளையில், அக்கரைசல் எல்லோருக்கும் எட்டும் விலையில் இருக்கும் காலத்திலும் லட்சக்கணக்கான குழந்தைகள் இறப்பது, அறிவுக்கும் பழக்கத்துக்கும் இடையே இன்னும் கடக்கப்படாத தொலைவு இருப்பதைக் காட்டுகிறது.

இந்நோயைப் பற்றிய சிந்தனை முழுவதையும் ஒரே வினாவில் அடக்கலாம்: செய்ய வேண்டியது கழிச்சலை நிறுத்துவதா, கழிச்சலால் உடல் இழப்பதை ஈடுசெய்வதா? மருத்துவ வரலாற்றின் பெரும்பகுதியும், இன்றைய வீடுகளின் முதல் பதற்றமும், மருந்துக் கடைகளில் கேட்கப்படும் மாத்திரைகளும் முதற்கேள்வியின் பக்கமே சாய்ந்துள்ளன. குழந்தையைக் காப்பாற்றுவதோ இரண்டாவது வழியாகும். இக்கட்டுரை நோயின் இயல்பு, கரைசலின் வரலாறு, வீட்டுப் பராமரிப்பின் முறைகள், மருந்துகளின் இடம், நாட்டு வழக்குகள், தடுப்பு ஆகியவற்றை இவ்வினாவின் வழியே தொகுத்து நோக்குகிறது.

பெயரும் வரையறையும்

பேதி, கழிச்சல், வயிற்றாலே போதல் என்று தமிழ்நாட்டிலும், வயிற்றோட்டம் என்று இலங்கையிலும் வழங்கும் இந்நோயை, ஒரு நாளில் மூன்று முறையோ அதற்கு மேலோ நீர்த்த மலம் போதல் என்றோ, அக்குழந்தைக்கு வழக்கமானதை விட அடிக்கடி போதல் என்றோ மருத்துவம் வரையறுக்கிறது. தாய்ப்பால் மட்டும் குடிக்கும் பச்சிளங்குழந்தை ஒரு நாளில் பல முறை இளகலாக மலம் கழிப்பது இயல்பே. அது நன்றாகப் பால் குடித்து எடை கூடிவரும் வரை நோயாகாது. ஆகவே, எண்ணிக்கையைக் காட்டிலும் வழக்கத்திலிருந்து ஏற்படும் மாற்றமே முதன்மையான அடையாளமாகும்.

பராமரிக்கும் முறையைத் தீர்மானிப்பதற்காக இந்நோய் மூன்றாகப் பகுக்கப்படுகிறது. திடீரெனத் தொடங்கி நீராகப் போய், 14 நாள்களுக்குள் அடங்குவது கடும் நீர்க்கழிச்சல். இதில் அஞ்ச வேண்டியது நீரிழப்பாகும். மலத்தில் இரத்தம் கலந்து வருவது சீதபேதி. இதில் குடற்சுவர் புண்ணாகிக் கிருமி ஊடுருவியிருக்கக்கூடும் என்பதால் மருத்துவரின் பார்வை கட்டாயம் தேவைப்படுகிறது. 14 நாள்களோ அதற்கு மேலோ நீடிப்பது நீடித்த வயிற்றுப்போக்கு. இதில் குழந்தை மெலிந்துபோவதே பெருந்தீங்கு.

குடலில் நிகழ்வது என்ன

சிறு குழந்தைகளின் வயிற்றுப்போக்குக்குக் காரணமாகும் கிருமிகளுள் ரோட்டா வைரஸ், ஷிகெல்லா, ஈ. கோலை பாக்டீரியாவின் சில வகைகள், கிரிப்டோஸ்போரிடியம் என்னும் ஒட்டுண்ணி ஆகியவை குறிப்பிடத்தக்கவை. கொல்கத்தா உட்பட ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் ஏழு இடங்களில் நடந்து 2013-இல் வெளியான பெரும் ஆய்வொன்று, மிதமான முதல் கடுமையான நோய்களுக்குப் பெரும்பாலும் இந்நான்குமே காரணமாவதைக் காட்டியது. நோய் வந்த குழந்தைகள் அடுத்த இரு மாதங்களில் இறக்கும் வாய்ப்பு, நோயில்லாக் குழந்தைகளைக் காட்டிலும் எட்டு மடங்குக்கு மேல் கூடுதலாக இருப்பதையும் அவ்வாய்வு கண்டது. கழிச்சல் நின்றவுடன் பராமரிப்பும் முடிந்துவிடுவதில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

நலமுள்ள சிறுகுடல், உணவோடு வரும் நீரையும் தானே சுரக்கும் நீரையும் பெரும்பாலும் உறிஞ்சிக்கொண்டு, எஞ்சிய சிறு பகுதியை மட்டுமே பெருங்குடலுக்கு அனுப்புகிறது. காலராக் கிருமியின் நச்சு குடற்செல்களைத் தூண்டி உப்பையும் நீரையும் வெள்ளமாகச் சுரக்கச் செய்கிறது. ரோட்டா வைரஸோ உறிஞ்சும் செல்களையே சிதைக்கிறது. இரண்டிலும் உடல் நீரை மட்டும் இழப்பதில்லை. சோடியம், பொட்டாசியம், உடலின் அமிலத்தன்மையைச் சமன்செய்யும் பைகார்பனேட் ஆகியவற்றையும் இழக்கிறது. குழந்தையின் எடையில் பெரியவர்களை விடக் கூடுதலான பங்கு நீரே ஆகும். அந்நீர் புரளும் வேகமும் அதிகம். தாகத்தைச் சொல்லிக் கேட்கவும் குழந்தைக்கு இயலாது. பத்து கிலோ எடையுள்ள ஒரு வயதுக் குழந்தை ஒரு லிட்டர் நீரை இழந்தால் எடையில் பத்தில் ஒரு பங்கை இழந்ததாகிறது. அந்நிலை கடும் நீரிழப்பாகும்.

கரைசலின் வரலாறு

இழந்த நீரை ஈடுசெய்யும் எண்ணம் புதியதன்று. 1832-இல் ஸ்காட்லாந்தில் காலரா பரவியபோது தாமஸ் லாட்டா என்னும் மருத்துவர் உப்புநீரை நோயாளிகளின் இரத்த நாளத்தில் செலுத்திச் சிலரைப் பிழைக்கவைத்தார். ஆனால் நாளத்தின் வழி நீர் ஏற்றுவதற்குத் தூய திரவமும் ஊசியும் பயிற்சி பெற்றவர்களும் வேண்டும். கொள்ளைநோய் பரவும் சிற்றூர்களில் இவை கிடைப்பதில்லை. வாய்வழியாகக் கொடுக்கும் நீரோ, கழிச்சல் நடக்கும்போது குடலில் தங்காது என்று நெடுங்காலம் நம்பப்பட்டது. கல்கத்தாவில் ஹேமேந்திரநாத் சட்டர்ஜி 1953-இல், காலரா நோயாளிகளுக்கு உப்பும் குளுக்கோஸும் கலந்த நீரை வாய்வழி கொடுத்துத் தேற்றியதை அறிவித்தபோதும், அது ஏன் பயனளிக்கிறது என்பதற்கான விளக்கம் அப்போது இல்லாததால் போதிய கவனம் பெறவில்லை.

அவ்விளக்கம் இரு வழிகளிலிருந்து வந்தது. கல்கத்தாவில் சம்புநாத் டே 1959-இல், காலராக் கிருமி வெளியிடும் நச்சே நீரிழப்புக்குக் காரணம் என்பதை முயல்களின் குடலைக் கொண்டு நிறுவினார். 1960-இல் ராபர்ட் கிரேன், சிறுகுடலின் செல்கள் குளுக்கோஸை உள்ளிழுக்கும்போது அதனுடன் சோடியத்தையும் சேர்த்தே இழுக்கின்றன என்னும் கருத்தை முன்வைத்தார். சோடியம் உள்ளே சென்றால் நீர் அதைத் தொடர்ந்து செல்லும். கழிச்சலின்போதும் இந்த இணைக் கடத்தல் பெருமளவு பழுதுபடாமல் இயங்குகிறது என்பதே இச்சிகிச்சையின் முழு அடிப்படை: குடலின் ஒரு வாசல் உடைந்து நீர் வெளியே பாய்ந்துகொண்டிருக்கும்போதும் மற்றொரு வாசல் திறந்தே இருக்கிறது, அதைத் திறக்கும் திறவுகோல் உப்பும் சர்க்கரையும் உரிய அளவில் சேர்வதாகும். வெறும் நீருக்கோ, வெறும் சர்க்கரை நீருக்கோ, வெறும் உப்பு நீருக்கோ இவ்வாற்றல் இல்லை.

டாக்காவின் காலரா ஆய்வுக்கூடத்தில் டேவிட் நாலினும் ரிச்சர்ட் கேஷும் 1968-இல் வெளியிட்ட ஆய்வு, நோயாளி இழக்கும் அளவை அளந்து அதற்கு ஈடாக இக்கரைசலை அருந்தச் செய்தால், நாளத்தின் வழி ஏற்ற வேண்டிய திரவத்தின் தேவை ஏறத்தாழ 80 விழுக்காடு குறைவதைக் காட்டியது. எனினும், ஆய்வுக்கூடத்தில் மெய்யானது மக்கள்திரளில் மெய்யாகுமா என்னும் ஐயம் நீடித்தது. வங்கதேச விடுதலைப் போரின்போது, 1971-இல், எல்லைப்புற நகரமான பன்காவின் அகதி முகாம்களில் காலரா மூண்டு நாளத்தின் வழி ஏற்றும் திரவம் தீர்ந்துபோன நிலையில், மருத்துவர் திலீப் மகலானபிஸ் குளுக்கோஸ், சாப்பாட்டு உப்பு, சமையல் சோடா ஆகியவற்றைப் பைகளில் நிரப்பி அனுப்பச் செய்து, நீரில் கரைத்து உறவினர்களின் கையாலேயே நோயாளிகளுக்குப் புகட்டவைத்தார். ஏறத்தாழ 30 விழுக்காடாக இருந்த இறப்பு, இம்முறையால் 4 விழுக்காட்டுக்கும் கீழே வந்தது. மருத்துவமனைக்குரிய சிகிச்சை ஒன்றைத் தாயும் தந்தையும் தம் கையால் செய்ய முடியும் என்பதை அம்முகாம் மெய்ப்பித்தது. கரைசலைக் கண்டறிந்ததற்கு நிகரான பெருமை இதற்கும் உண்டு. மகலானபிஸுக்கு அவர் மறைந்த பின் 2023-இல் பத்ம விபூஷண் அறிவிக்கப்பட்டது.

1978-இல் உலக சுகாதார நிறுவனம் வயிற்றுப்போக்குக் கட்டுப்பாட்டுத் திட்டத்தைத் தொடங்கியது. வங்கதேசத்தின் பிராக் தொண்டு நிறுவனம் 1980 முதல் பத்தாண்டுகள், ஊழியர்களை வீடு வீடாக அனுப்பி, உப்பும் வெல்லமும் நீரும் கலக்கும் முறையை ஒரு கோடியே இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட குடும்பங்களில் பெண்களுக்கு நேரில் கற்பித்தது. இன்று ஓ.ஆர்.எஸ். என்னும் பெயரில் தமிழ்நாட்டிலும், ஜீவனி என்னும் பெயரில் இலங்கையிலும் பொட்டலமாகக் கிடைப்பது இந்த நெடும்பயணத்தின் விளைவேயாகும்.

நீரிழப்பை அறிதல்

பராமரிப்பின் முதற்படி, மலத்தைப் பார்ப்பதை விட்டுக் குழந்தையைப் பார்ப்பது. எத்தனை முறை போயிற்று என்பதைவிட, குழந்தை எப்படி இருக்கிறது என்பதே அடுத்துச் செய்ய வேண்டியதைத் தீர்மானிக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் முறையில் நான்கு அடையாளங்கள் நோக்கப்படுகின்றன: குழந்தையின் விழிப்புநிலை, கண்கள், அருந்தும் விதம், தோலின் நெகிழ்ச்சி. விளையாடிக்கொண்டும் இயல்பாக அருந்திக்கொண்டும் இருக்கும் குழந்தைக்கு நீரிழப்பின் அடையாளம் இல்லை எனலாம். நச்சரித்து அழுதல், கண்கள் குழிவிழுதல், தம்ளரைக் கண்டதும் ஆவலாகப் பாய்ந்து குடித்தல், வயிற்றின் தோலைக் கிள்ளிவிட்டால் மெதுவாகவே பழைய நிலைக்குத் திரும்புதல் ஆகியவற்றுள் இரண்டேனும் இருந்தால் ஓரளவு நீரிழப்பு ஏற்பட்டுள்ளது. துவண்டு கிடத்தல் அல்லது நினைவிழத்தல், குழிவிழுந்த கண்கள், அருந்த இயலாமை, கிள்ளிய தோல் இரண்டு விநாடிக்கு மேல் மடிந்தே நிற்றல் ஆகியவற்றுள் இரண்டிருந்தால் அது கடும் நீரிழப்பாகும்.

இங்கு ஒரு பிழையைக் குறிப்பாகச் சுட்ட வேண்டும். அழுது அடம்பிடித்த குழந்தை அமைதியாகித் தூங்கிவிட்டதைத் தேறிவிட்டதாகக் கருதி வீட்டார் ஆறுதலடைவதுண்டு. கழிச்சல் நீடிக்கும்போது வரும் அவ்வமைதி, எழுப்பினாலும் சரிவர விழிக்காத சோர்வாக இருந்தால், அது நோய் முற்றியதன் அடையாளமாகும். சிறுநீர் கழிக்கும் இடைவெளி நீளுதல், கண்ணீர் இல்லாமல் அழுதல், வாய் உலர்தல், கைக்குழந்தையின் உச்சிக்குழி அமிழ்தல் ஆகியவையும் துணை அடையாளங்களாகும். மிகவும் மெலிந்த குழந்தையிடத்தும் மிகப் பருத்த குழந்தையிடத்தும் தோலைக் கிள்ளிப் பார்க்கும் சோதனை தவறான முடிவைத் தரக்கூடும்.

கரைசலைக் கலக்குதலும் புகட்டுதலும்

இன்றைய பொட்டலத்தில் 2.6 கிராம் சோடியம் குளோரைடு, 13.5 கிராம் குளுக்கோஸ், 1.5 கிராம் பொட்டாசியம் குளோரைடு, 2.9 கிராம் சோடியம் சிட்ரேட் என மொத்தம் 20.5 கிராம் பொருள் உள்ளது. இது ஒரு லிட்டர் நீருக்கானது. பழைய வாய்பாட்டில் உப்பும் சர்க்கரையும் கூடுதலாக இருந்தன. செறிவைக் குறைத்தால் குழந்தைகளின் வாந்தியும் கழிச்சலின் அளவும் குறைவதோடு, நாளத்தின் வழி நீர் ஏற்ற வேண்டிய தேவையும் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைவதை ஆய்வுகள் காட்டியதால், 2002-இல் வாய்பாடு மாற்றப்பட்டது. சர்க்கரை கூடினால் நன்மையும் கூடும் என்னும் பொதுநம்பிக்கை தவறென்பதற்கு இம்மாற்றமே சான்று: செறிந்த சர்க்கரை குடலுக்குள் நீரை இழுத்துக் கழிச்சலைப் பெருக்குகிறது.

ஆகவே கலக்கும் அளவில் பிழை நேரலாகாது. ஒரு லிட்டர் பொட்டலத்தில் சிறிதளவை எடுத்துத் தம்ளர் நீரில் கண்ணளவாகக் கலக்குவது வீடுகளில் நிகழும் பெரும்பிழை. அவ்வாறு கலந்தது செறிவு மிகுந்து இரத்தத்தில் சோடியத்தை ஆபத்தான அளவுக்கு உயர்த்தலாம், நீர்த்துப்போனால் பயனற்றதாகலாம். ஒரு லிட்டர் தண்ணீர்ப் புட்டியைக் கழுவி அளவாகக் கொண்டு, கொதித்து ஆறிய நீரில் முழுப் பொட்டலத்தையும் ஒரே தடவையில் கரைப்பதே எளிய வழி. 200 மில்லி நீருக்கான சிறு பொட்டலங்களும் கிடைக்கின்றன. பால், பழச்சாறு, கூடுதல் சர்க்கரை எதையும் அதனுடன் சேர்க்கலாகாது. கரைத்ததை மூடி வைத்து, 24 மணி நேரத்துக்குப் பின் எஞ்சியதைக் கொட்டிவிட வேண்டும். பொட்டலம் கிடைக்காத இடத்தில், ஒரு லிட்டர் நீரில் தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் தலைதட்டிய அரைத் தேக்கரண்டி உப்பும் கலந்து தற்காலிகமாகக் கொடுக்கலாம்.

நீரிழப்பின் அடையாளம் இல்லாதபோது, ஒவ்வொரு கழிச்சலுக்குப் பின்னும் இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு 50 முதல் 100 மில்லியும், அதற்கு மேற்பட்ட குழந்தைக்கு 100 முதல் 200 மில்லியும் கொடுப்பது முறை. ஓரளவு நீரிழப்பு ஏற்பட்டிருப்பின், சுகாதார நிலையத்தில் வைத்து, எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 75 மில்லி வீதம் நான்கு மணி நேரத்தில் புகட்டி, பின்னர் அடையாளங்களை மீண்டும் நோக்க வேண்டும். கடும் நீரிழப்புக்கு நாளத்தின் வழி திரவம் உடனே ஏற்றப்பட வேண்டும். மருத்துவமனைக்குச் செல்லும் வழியிலும், விழுங்க முடிகிற குழந்தைக்குக் கரைசலைச் சொட்டுச் சொட்டாகக் கொடுத்துக்கொண்டே செல்வது நல்லது.

வாந்தி எடுக்கும் குழந்தைக்குக் கரைசல் தங்காது என்று கைவிடுவது தவறு. வாந்திக்குப் பின் பத்து நிமிடம் பொறுத்து, இரண்டு மூன்று நிமிடங்களுக்கு ஒரு கரண்டி வீதம் தொடர்ந்தால் பெரும்பகுதி உள்ளே தங்கிவிடுகிறது; தம்ளரோடு குடிக்கவிட்டால் நிறைந்த இரைப்பை திருப்பித் தள்ளுகிறது. தமிழ்க் குடும்பங்களில் பால் புகட்டப் பயன்படும் பாலாடையும் சங்கும் இதற்கு ஏற்ற கருவிகள்; மூலைமுடுக்கின்றித் திறந்திருப்பதால் எளிதில் கழுவ முடிகிற அவை, கிருமி தங்கும் ரப்பர் காம்புள்ள பால்புட்டியை விடப் பன்மடங்கு பாதுகாப்பானவை.

உணவை நிறுத்தலாகாது

வயிற்றுக்கு ஓய்வு கொடுத்தால் கழிச்சல் அடங்கும் என்னும் கருத்து மருத்துவர்களிடையேயும் நெடுங்காலம் நிலவியது. பட்டினி போட்டால் மலத்தின் அளவு குறைவது உண்மையே; ஆனால் அது உண்ண எதுவும் இல்லாததால் குறைவதேயன்றி நோய் தணிந்ததால் அன்று. உணவு பெறும் குடலின் செல்கள் விரைவில் புதுப்பிக்கப்படுகின்றன; பட்டினியில் அவை மேலும் மெலிகின்றன. ஊட்டம் குறைந்த குழந்தைக்கு வயிற்றுப்போக்கு எளிதில் வருகிறது, வயிற்றுப்போக்கு ஊட்டத்தை மேலும் குறைக்கிறது என்னும் தீய சுழலை அறுக்கும் இடம் உணவே.

தாய்ப்பாலை எந்நிலையிலும் நிறுத்தலாகாது. வழக்கத்தை விட அடிக்கடி கொடுக்க வேண்டும். ஆறு மாதத்துக்கு மேற்பட்ட குழந்தைக்குக் குழையவைத்த சோறும் பருப்பும், இட்லி, வாழைப்பழம், தயிர் போன்ற பழகிய உணவுகளைச் சிறிது சிறிதாகப் பலமுறை கொடுக்கலாம். மிளகாய் குறைந்த, சிறிது எண்ணெய் சேர்ந்த உணவு ஏற்புடையது. அரிசிக் கஞ்சியும் உப்பிட்ட மோரும் தமிழ் வீடுகள் வழிவழியாகக் கைக்கொண்ட நல்ல நீராகாரங்கள். அரிசியின் மாவுப்பொருள் குடலில் மெல்லக் குளுக்கோஸாக மாறுவதால், உப்பிட்ட கஞ்சி கரைசலின் தத்துவத்தோடு ஒத்தே செயல்படுகிறது. இளநீரில் பொட்டாசியம் மிகுதி, சோடியம் குறைவு. ஆகவே அது துணையாகலாமேயன்றிக் கரைசலுக்கு மாற்றாகாது. குளிர்பானங்களும், இனிப்பு மிகுந்த பழச்சாறும், வெறும் குளுக்கோஸ் மாவும் கேடு செய்வன. உலக சுகாதார நிறுவனத்தின் வாய்பாட்டுக்கு ஒவ்வாத இனிப்புப் பானங்கள் ஓ.ஆர்.எஸ். என்னும் சொல்லைத் தம் பெயரில் தாங்கி விற்கப்படுவதை, இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2025 அக்டோபரில் தடுத்தது இவ்வகையில் வரவேற்கத்தக்கது. குழந்தை தேறிய பின் இரு வாரங்களுக்கு நாள்தோறும் ஒருவேளை கூடுதலாக ஊட்டினால் இழந்த எடை மீளும்.

மருந்துகளின் இடம்

கரைசலுக்கு அடுத்தபடியாகப் பயன் நிறுவப்பட்ட மருந்து துத்தநாகமாகும். குடற்செல்களின் புதுப்பிப்புக்கும் நோய் எதிர்ப்புக்கும் இன்றியமையாத இத்தாது கழிச்சலில் இழக்கப்படுகிறது. 2004-இல் உலக சுகாதார நிறுவனமும் யூனிசெஃபும் சேர்ந்து, ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு நாளொன்றுக்கு 10 மில்லிகிராமும் அதற்கு மேற்பட்ட குழந்தைக்கு 20 மில்லிகிராமும் 10 முதல் 14 நாள்கள் கொடுக்கப் பரிந்துரைத்தன. இந்தியாவிலும் தான்சானியாவிலும் நடந்து 2020-இல் வெளியான ஆய்வொன்று, 5 அல்லது 10 மில்லிகிராம் அளவும் ஏறத்தாழ அதே பயனைக் குறைந்த வாந்தியோடு தருவதைக் கண்டது. கழிச்சல் நின்றதும் மாத்திரையை நிறுத்திவிடாமல், சொன்ன நாள்கள் முழுதும் கொடுப்பது முக்கியம்.

பிற மருந்துகளுள் பெரும்பாலானவை சிறு குழந்தைக்குத் தேவையற்றவை, சில தீங்கானவை. குடலின் இயக்கத்தை முடக்கிக் கழிச்சலை நிறுத்தும் லோபரமைடு போன்றவை சிறு குழந்தைகளுக்கு ஆகாதவை. அவை குடல் செயலிழப்பையும் மயக்கத்தையும் உண்டாக்கலாம், நீர் குடலுக்குள்ளேயே தேங்கும்போது கழிச்சல் நின்றதுபோன்ற பொய்த்தோற்றத்தையும் தரலாம். நீர்க்கழிச்சலுக்குப் பெரும்பாலும் வைரஸ்களே காரணமாதலால் நுண்ணுயிர்க்கொல்லிகள் பயன்படா; சீதபேதி, காலரா போன்றவற்றில் மட்டும் மருத்துவர் முடிவு செய்து தருவதே முறை. வாந்தியைத் தணிக்கும் மருந்தும் மருத்துவரின் தீர்மானத்துக்கு உரியதே.

நாட்டு வழக்குகள்

தமிழ் வழக்கில் குழந்தையின் செரிமானக் கோளாறுகள் மாந்தம் என்னும் பொதுப்பெயரால் சுட்டப்படுகின்றன. வசம்பு, மாசிக்காய், ஜாதிக்காய் முதலியவற்றைக் கல்லில் இழைத்துத் தரும் உரைமருந்து, செரிக்காத உணவு தொண்டையில் சிக்கியிருப்பதாகக் கருதி அதை எடுப்பதாகச் செய்யப்படும் தொக்கம் எடுத்தல், பல் முளைக்கும்போது வயிறு போவது இயல்பென்னும் நம்பிக்கை ஆகியவை இன்றும் வழக்கில் உள்ளன. இவற்றைப் பின்பற்றுவோரை இகழ்வது பயனற்றது. அவை குழந்தையின்பால் கொண்ட அக்கறையிலிருந்தே எழுகின்றன. ஆனால் மூன்று தீமைகளைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். கழுவாத உரைகல்லும் கையும் புதிய கிருமியைக் கொண்டுசேர்க்கின்றன. வசம்பிலுள்ள சில வேதிப்பொருள்கள் நஞ்சாகக்கூடும் என்பதால் அதை உணவில் சேர்ப்பதை அமெரிக்கா 1968-இலேயே தடை செய்தது. எல்லாவற்றினும் மேலாக, இவற்றில் கழியும் ஓரிரு நாள்கள், கரைசல் கொடுத்திருக்க வேண்டிய நாள்களாகும். பல் முளைக்கும் பருவத்தில் வயிறு போவது, தவழும் குழந்தை கண்டதை வாயில் வைப்பதாலும், தாய்வழி வந்த எதிர்ப்பாற்றல் குறைந்து புற உணவு தொடங்குவதாலும் நேர்வது. பல்லுக்கு அதில் பங்கில்லை.

மருத்துவரை நாட வேண்டிய நிலைகள்

மலத்தில் இரத்தம், எதைக் கொடுத்தாலும் உடனே வாந்தி, பால் குடிக்கவோ அருந்தவோ இயலாமை, எழுப்ப முடியாத சோர்வு, வலிப்பு, கடுங்காய்ச்சல், வயிற்று உப்பல், பல மணி நேரம் சிறுநீரின்மை ஆகியவற்றில் எது தோன்றினும் காலந்தாழ்த்தலாகாது. பச்சை நிற வாந்தியும், இடைவிட்டு வீறிட்டு அழுதலும், சளியோடு இரத்தம் போதலும், குடலின் ஒரு பகுதி மறுபகுதிக்குள் புகுந்துகொள்ளும் குடல் செருகலைக் குறிக்கக்கூடும். அதற்கு உடனடிச் சிகிச்சை தேவை. இரண்டு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கும் மிக மெலிந்த குழந்தைக்கும் எந்த வயிற்றுப்போக்கையும் வீட்டோடு நிறுத்தாமல் மருத்துவரிடம் காட்டுவதே பாதுகாப்பு.

அறிந்தும் கொடுக்காமை

இந்தியாவின் ஐந்தாம் தேசிய குடும்பநல ஆய்வின்படி (2019–21), வயிற்றுப்போக்கு கண்ட குழந்தைகளுள் 60.6 விழுக்காட்டினரே ஓ.ஆர்.எஸ். பெற்றனர், துத்தநாகம் பெற்றோர் 30.5 விழுக்காட்டினர் மட்டுமே. முந்தைய ஆய்வை விட இது முன்னேற்றமேயாயினும், பத்தில் நான்கு குழந்தைகளுக்கு மிக எளிய மருந்து எட்டவில்லை. கர்நாடகத்திலும் பிகாரிலும் இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட தனியார் மருத்துவம் செய்வோரிடையே நடந்து 2024-இல் வெளியான ஆய்வு இதன் காரணத்தைத் துருவியது. கரைசல் இருப்பில் இல்லாமையும் பிற மருந்துகளால் கிடைக்கும் வருவாயும் சிறுபங்கே வகித்தன, நோயாளிகள் ஓ.ஆர்.எஸ்.ஸை விரும்பமாட்டார்கள் என்று மருத்துவம் செய்வோர் தாமே எண்ணிக்கொண்டதே, எழுதித் தராமைக்கு 42 விழுக்காடு காரணமாயிற்று. பெற்றோர் வாய்திறந்து கேட்டால் கிடைக்கக்கூடிய ஒன்று, கேட்கப்படாமையால் மறுக்கப்படுகிறது என்பது வேதனைக்குரியது. எளிய பொடியை மருந்தாக மதிக்காத மனநிலை இருபுறமும் இருப்பதே இதன் வேர்.

தடுப்பு

முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டுமே ஊட்டுதல், சோப்பிட்டுக் கை கழுவுதல், காய்ச்சிய நீர், கழிப்பறைப் பயன்பாடு ஆகியவை தடுப்பின் தூண்கள். குழந்தையின் மலம் தீங்கற்றது என்று கருதி வாசலிலோ சாக்கடையிலோ எறிவது வழக்கமாயினும், கிருமி மிகுந்த அதையும் கழிப்பறையில் சேர்ப்பதே முறை. ரோட்டா வைரஸ் எவ்வளவு தூய வீட்டுக் குழந்தையையும் தொற்றும் ஆற்றலுடையதால் தடுப்பு மருந்தும் தேவையாகிறது. 1973-இல் ஆஸ்திரேலியாவில் ரூத் பிஷப் குழுவினர் கண்டறிந்த இவ்வைரஸுக்கு எதிராக இந்தியாவில் உருவான ரோட்டாவாக் மருந்து, டெல்லி, புனே, வேலூர் ஆகிய மூன்று இடங்களில் ஏறத்தாழ 6,800 குழந்தைகளிடம் சோதிக்கப்பட்டு, கடும் ரோட்டா நோயைப் பாதிக்குச் சற்று மேல் குறைப்பதாக அறியப்பட்டது. வேலூர் ஆய்வுகளில் ககன்தீப் காங்கின் பங்கு குறிப்பிடத்தக்கது. 2016-இல் தேசியத் தடுப்பூசித் திட்டத்தில் நுழைந்த ரோட்டா தடுப்பு மருந்து, தமிழ்நாட்டில் 2017 முதல் 6, 10, 14 ஆம் வாரங்களில் சொட்டாகக் கொடுக்கப்பட்டு வருகிறது. எல்லாக் கழிச்சலையும் அது தடுக்காது. மருத்துவமனையில் சேர்க்கும் நிலையை வெகுவாகக் குறைக்கும்.

முடிவுரை

பத்து கிலோ எடையுள்ள குழந்தைக்கு ஓரளவு நீரிழப்பு நேர்ந்தால் நான்கு மணி நேரத்தில் 750 மில்லி கரைசல் புகட்ட வேண்டும் என்பது கணக்கு. ஐந்து மில்லி கொள்ளும் தேக்கரண்டியால் புகட்டினால் அது 150 கரண்டி. ஒன்றரை நிமிடத்துக்குச் சற்று மேல் ஒரு கரண்டி வீதம், இடைவிடாது நான்கு மணி நேரம் ஒருவர் மடியில் வைத்துக்கொண்டு அமர வேண்டும். பொட்டலத்தின் விலை சில ரூபாயே. இச்சிகிச்சையின் உண்மையான விலை அந்த நான்கு மணி நேரமாகும். அதைத் தருபவர் பெரும்பாலும் தாய்; அன்றைய கூலியை இழந்தோ, மற்றப் பிள்ளைகளை அண்டைவீட்டில் விட்டோ அவர் அதைத் தருகிறார். கழிச்சலை உடனே நிறுத்தும் மாத்திரை மீதான ஆசை அறியாமையால் மட்டும் பிறப்பதில்லை. அமர்ந்து புகட்ட நேரமில்லாத வாழ்விலிருந்தும் அது பிறக்கிறது.

ஆகவே, பொட்டலத்தைக் கையில் கொடுத்து அனுப்புவதோடு சுகாதாரத் துறையின் கடமை முடிந்துவிடாது. ஆரம்ப சுகாதார நிலையத்தின் ஓ.ஆர்.எஸ். முனையில் தாய் அமர ஓர் இடமும், முதற்கரண்டியைப் புகட்டிக் காட்டிக் குழந்தையின் நிலையை உடனிருந்து நோக்கும் செவிலியரும், அந்நேரத்தில் வீட்டுப் பொறுப்பை ஏற்கும் தந்தையும் உறவும் இச்சிகிச்சையின் பகுதிகளே. பன்காவ் முகாமில் உறவினர்களின் கைகளே மருத்துவமனையாயின. அரை நூற்றாண்டுக்குப் பின்னும் இந்நோயில் குழந்தையைக் காப்பது அத்தகைய கைகளே. அவற்றுக்கு அறிவும் ஓய்வும் துணையும் கிடைக்கச் செய்வது சமூகத்தின் பொறுப்பாகும்.